ஓய்வெடுக்க வைத்தவர்

கேளிக்கைப் பூங்காவில், பாம்பு ரயில் வரிசையில் இவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம்தான் பாக்கி. அதுவும் ஏறி உட்கார்ந்து, இரும்புக் கம்பி மார்புக்குக் குறுக்கே இறங்கிப் பூட்டிக்கொண்டு, அலறுவதற்குத் தயாராகிவிட்டது. அடுத்த வண்டி இவர்களுக்கு. சின்னவன் ஒரு காலைத் தூக்கி மேடைமேல் வைத்தும்விட்டான்.

டியூட்டி சார் அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் வரிசையை விட்டு வெளிய வாங்க. ஓய்வு நேரம்."

"அப்பா, அடுத்தது நாமதான்," என்றாள் மூத்தவள். இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பொது இடத்தில் அப்பாவோடு வாக்குவாதம் செய்யக் கூடாது என்று அவள் தீர்மானம் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பாம்பு ரயில் எங்கயும் ஓடிப் போயிடாது."

"ஓடறதுதானேப்பா அதோட வேலை," என்றான் சின்னவன்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசை மூன்று மடிப்பாக மடிந்து கிடந்தது. அந்த மடிப்பையெல்லாம் வெயிலில் நின்று தாண்டி வந்தவள் அவள். "ஏங்க, ஏறி இறங்க ரெண்டு நிமிஷம். இறங்கிட்டு ஓய்வெடுத்துக்கலாமே?"

"இந்த ரெண்டு நிமிஷம்தான் போன தடவை நம்ம குடியைக் கெடுத்துச்சு. மாமாவோட முட்டியை நினைச்சுப் பாரு."

மாமனார் குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சும்மாதான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் பண்ணலை மாப்பிள்ளை."

"பண்றதுக்கு முன்னாடி உட்காரணும் மாமா. பண்ணின பிறகு உட்கார்றதுக்குத் திட்டம் எதுக்கு?"

ஐந்து பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரிசையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் நின்ற யாரோ ஒருவர், "மகராசன், நல்லா இருக்கணும்," என்று மனதார வாழ்த்திவிட்டு முன்னால் நகர்ந்தார்.

டியூட்டி சார் என்பது பஸ் டிப்போவில் வைத்த பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று டியூட்டி போடுகிறவர் அவர்தான். பாதி நாள் ராத்திரி ஷிப்ட். தூர ட்ரிப் ஓட்டி வந்த டிரைவர் நன்றாகத் தூங்கி எழாமல் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது அவர் கட்டிக் காக்கிற விதி. "தூங்கிட்டேன் சார்" என்று சத்தியம் பண்ணுகிறவனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்திக் கண்ணைப் பார்ப்பார். பார்த்த மாத்திரத்தில், "பொய். போய்ப் படு," என்பார். ஒருவன் தூங்கினானா இல்லையா என்கிற விஷயத்தில் தன்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. அவர் எப்போது தூங்கினார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

போன வருட விடுமுறையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அதுவும் இப்படி ஒரு கேளிக்கைப் பூங்காதான், வேறு ஊரில். வந்தது வந்தாயிற்று, ஒன்றைக்கூட விடக் கூடாது என்று கதவு திறந்ததிலிருந்து சாத்துகிற வரை எல்லோரையும் ஓட ஓட விரட்டினார். மாமனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் பெண்ணும் ஒரு தொப்பிக்காகச் சண்டை போட்டு ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அன்று எடுத்த குடும்பப் படத்தில் ஐந்து பேரும் ஐந்து பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வீடு திரும்பி, பெட்டியிலிருந்து துணியை எடுத்து வைக்கும்போது மனைவி சொன்னாள்: "இனிமே உங்களோட டூர்னா என்னைக் கூப்பிடாதீங்க. பசங்களையும் அப்பாவையும் கூட்டிக்கிட்டு அக்கா குடும்பத்தோட போயிக்கறேன். நீங்க டிப்போவுலயே இருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். நிதானமாகச் சொன்னதைத்தான் அவரால் சமாளிக்க முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த மூன்று நாள் பயணத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். இதுவும் சொதப்பினால் அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர்கள் நாலு பேரும் அக்கா குடும்பத்தோடு பல்லைக் காட்டி நிற்கிற படம் அவருடைய போனுக்கு வரும். அவர் டிப்போவில் உட்கார்ந்து அதற்கு லைக் போட வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. நிச்சயம் ஆன புதிதில் இரண்டு பேரும் ஒரு பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினார்கள். இவர்கள் உச்சியில் இருக்கும்போது பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கீழே ஜனங்கள் கூச்சல் போட, மேலே இவர்கள் அன்றுதான் முதல் முறையாக மனம் விட்டுப் பேசினார்கள். கரண்ட் வந்தபோது இருவருக்குமே வருத்தம். அப்புறம் டியூட்டி, குழந்தைகள், பள்ளிக்கூடம் என்று மறுபடி ராட்டினம் ஏறவே இல்லை. போன வருடம் ராட்டினத்துக்குப் போன நேரத்தில் அவள் அவரோடு பேசுகிற நிலையில் இல்லை.

அதனால் இந்தத் தடவை ஊரிலிருந்து ரயிலில் வரும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டார். "கடைசி நாள் சாயங்காலம், விளக்கு போட்டதும், நீயும் நானும் மட்டும் ராட்டினம். அதுவரைக்கும் யாரும் களைச்சுப் போகக் கூடாது. அதுக்கு நான் பொறுப்பு."

"சரிங்க," என்றாள் மனைவி. அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

பூங்காவின் ஓரத்தில் ஓய்வுக்கூடம் இருந்தது. நீளமான ஹால், குளுகுளுவென்று ஏசி, இரண்டு பக்கமும் குட்டைக் கட்டில்கள். வெயிலில் தலை சுற்றியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வந்து படுத்துக் கிடந்தார்கள். வாசலில் மேஜை போட்டுக்கொண்டு, ஓர் அம்மாள் கம்பளி பின்னியபடி காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வருகிறவர்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், அதோடு சரி.

"எல்லாரும் படுங்க," என்றார் டியூட்டி சார்.

"தூக்கம் வரலைப்பா," என்றான் சின்னவன்.

"வரலைன்னு சொல்றவனுக்குத்தான் முதல்ல வரும். டிப்போவுல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இங்க பாருங்க, நான் படுத்துக் காட்டறேன். மல்லாந்து படுக்கணும். கையை வயித்து மேல வச்சுக்கணும். மூச்சை இழுத்து, மெதுவா..."

எப்படி விட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. விட்ட மூச்சு குறட்டையாக வெளியே வந்தது.

அவர் கண் விழித்தபோது நாலு பேரும் அவரவர் கட்டிலில் மல்லாந்து, கையை வயிற்றின் மேல் வைத்து, சொன்ன சொல் தவறாமல் படுத்திருந்தார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் கட்டிலை இழுத்துக்கொண்டு ஹாலின் அடுத்த கோடிக்குப் போயிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இடம் விட்டுப் படுக்கத் தெரிந்த நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சின்னவனின் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பார்த்தியா, இந்த ஏசியிலயும் எப்படி வேர்த்திருக்கு? ஆழ்ந்த தூக்கத்துலதான் இப்படி வேர்க்கும்."

"ஆமாம்ப்பா," என்றான் சின்னவன். அவன் காதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வழிந்தது.

எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் தன் இடது மணிக்கட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை கட்டியிருப்பதைப் பார்த்தார். "இது என்ன?"

மனைவியும் மூத்தவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க கட்டுவாங்களாம்ங்க. கழட்டிடாதீங்க," என்றாள் மனைவி.

"உங்க யாருக்கும் கட்டலையே?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "நல்லாத் தூங்கறவங்களுக்கு மட்டும்தான் போல மாப்பிள்ளை."

டியூட்டி சார் சுற்றிலும் பார்த்தார். வாசலோரக் கட்டிலில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கையிலும் அதே மஞ்சள் பட்டை. "அந்தக் குழந்தையைப் பாருங்க. அதுக்குத் தெரிஞ்சது உங்க நாலு பேருக்கும் தெரியலை. நாளைக்கு ஒழுங்காத் தூங்கி ஆளுக்கு ஒண்ணு வாங்கப் பாருங்க."

சாயங்காலம் மறுபடி பாம்பு ரயிலுக்குப் போய், நின்று, இந்தத் தடவை ஏறியே விட்டார்கள்.

"கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்குங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "முதல் வளைவுல இடது பக்கம் சாஞ்சுக்கணும். இல்லைன்னா கழுத்து பிடிச்சுக்கும்."

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"கீழ இருந்து பார்த்தாலே தெரியுதே."

வண்டி உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாய்ந்தபோது டியூட்டி சார் போட்ட அலறல் பூங்காவின் வாசல் வரை கேட்டிருக்கும். மற்ற நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போகிறவர்களைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் கொட்டாவிகூட விட்டான். கீழே இறங்கி, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டியூட்டி சார் சொன்னார்: "பார்த்தீங்களா, ஓய்வு கொடுத்த தைரியத்தை."

அன்று இரவு விடுதி அறையில்தான் முதல் சந்தேகம் வந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அதட்டினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். அப்படிப்பட்டவள், "தண்ணி குடுங்க," என்று சொன்னது காற்றாகத்தான் வெளியே வந்தது. மூத்தவளுக்கும் அதே கதை.

அவர் நாலு பேரையும் விளக்குக்கு அடியில் வரிசையாக நிறுத்திக் கண்ணைப் பார்த்தார். எல்லாக் கண்ணும் சிவப்பு.

"ஓய்வு போதலை," என்று தீர்ப்புச் சொன்னார். "நாளைக்குக் காலையில ஒரு தடவை, மதியம் சாப்பிட்டதும் ஒரு தடவை."

"ரெண்டு தடவையா?" என்று நாலு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, இவ்வளவு களைத்துப் போயிருக்கிறார்களே பாவம் என்று அவர் மனம் இளகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை ஓய்வு முடிந்தபோது மாமனாரின் தொப்பியைக் காணவில்லை. தலையில் எஞ்சியிருந்த முடியெல்லாம் பின்னோக்கி நட்டுக்கொண்டு நின்றது.

"தொப்பி எங்க மாமா?"

"காத்துல போயிடுச்சு மாப்பிள்ளை."

"ஹாலுக்குள்ள ஏது காத்து?"

மாமனார் மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் பார்த்தார். "ஏசி காத்துதான். பிச்சுக்கிட்டு அடிக்குது."

டியூட்டி சார் உடனே மாமனாரின் கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டார். காவலுக்கு இருந்த அம்மாளிடம் போய் நாலு கம்பளி கேட்டு வாங்கினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்குக் குளிருதா சார்?" என்றாள்.

"எனக்கு இல்லம்மா. என் குடும்பத்துக்கு."

"அவங்களுக்கா?" என்றாள் அவள். மறுபடி பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் மனைவி கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது, நீல நிறத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை கீழே விழுந்து உருண்டது. டியூட்டி சார் துரத்திப் பிடித்தார். அதில் ஒரு எண் அச்சடித்திருந்தது.

"என்ன டோக்கன் இது?"

"அது... நம்ம சாமான் ஒண்ணை ஒரு இடத்துல விட்டு வைக்கறோம்ங்க. திரும்பி வாங்கறதுக்கு."

"இப்படியா அலட்சியமா வைக்கறது? இதைத் தொலைச்சா சாமானைத் திருப்பித் தர மாட்டாங்க, தெரியுமா?"

"தெரியும்ங்க," என்றாள் மனைவி. மூத்தவள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. "இனிமே உள்ளறையில பத்திரமா வச்சுக்கறேன்."

சாப்பாட்டுக்குப் பிறகான ஓய்வு அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அவர் கண் விழித்துப் பார்க்கும்போது சின்னவன் வாசல் பக்கத்துத் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மூத்தவள் அவன் முதுகைத் தடவியபடி, "சாப்பிட்ட உடனே வேணாம்னு சொன்னேன்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கரெக்டுமா," என்றார் பின்னால் வந்து நின்ற டியூட்டி சார். "சாப்பிட்ட உடனே படுக்க வச்சது என் தப்பு."

ஆனால் அவர் மனதில் இன்னொரு கணக்கு ஓடியது. இவ்வளவு தூங்கியும் யாருக்கும் தெளிவு வரவில்லையே. டிப்போவிலும் இப்படிச் சிலர் உண்டு. படுக்கப் போகிறேன் என்று போய், பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவர அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது.

"நீங்க யாரோ நடுவுல எழுந்து நடமாடறீங்க," என்றார். நாலு முகமும் வெளிறின. "பாத்ரூமுக்குத்தான் போறீங்கன்னு வச்சுக்குவோம். ஆனாலும் அதான் தூக்கம் ஒட்ட மாட்டேங்குது. இன்னைக்கு மூணாவதா ஒரு ஓய்வு. செருப்பு, ஷூ எல்லாத்தையும் கழட்டி என்கிட்ட குடுங்க."

நாலு ஜோடியையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். நாலு பேரும் தங்கள் வெறுங்காலைப் பார்த்தார்கள், ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் என்ன பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அன்று விடுதிக்குத் திரும்பும்போது அவர் ஒருவர்தான் நடந்தார். மற்றவர்கள் நொண்டினார்கள். நாலு பேருடைய உள்ளங்காலும் மேலே கரியாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தது.

"படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் தேங்கிடும்," என்று கண்டுபிடித்தார் டியூட்டி சார். மருந்துக் கடைக்கு ஓடிப் போய்க் களிம்பு வாங்கி வந்தார். மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் தடவிவிட்டு, கடைசியில் மனைவியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவினார். எத்தனையோ வருடமாயிற்று அவர் இப்படி அவள் பக்கத்தில் அவசரமில்லாமல் உட்கார்ந்து. வீட்டில் அவள் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் வருவார், அவர் கிளம்பும் நேரத்தில் அவள் வருவாள்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பெல்லாம் போயிடுச்சுங்க," என்றாள் காற்றுக் குரலில்.

"என் கண்ணுக்கு என்ன இப்போ? நான் ஓய்வெடுக்கவா வந்தேன்?"

"ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"பேசாதே. தொண்டைக்கும் ஓய்வு வேணும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை. பலகாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பார்த்து டியூட்டி சார் கையில் எடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டார். மாமனார் முட்டியை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். சின்னவன் கரண்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப் போயிருந்தான். மூத்தவள் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். மனைவியின் தலை சரிந்து சரிந்து தட்டுக்குக் கிட்டத்தில் போய் நிமிர்ந்தது. போன வருடப் படத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தார்கள். அவருடைய காதில் அக்கா குடும்பத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு முழு நாளும் ஓய்வு," என்றார். "சாயங்காலம் ராட்டினம் மட்டும்தான்."

மேஜையைச் சுற்றிப் பயம் பரவியது.

"முழு நாளுமா?" என்றாள் மனைவி. "தாங்காதுங்க."

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் ஓய்வெடுக்காம சும்மா இருக்கலாமே, ப்ளீஸ்," என்றாள் மூத்தவள்.

"என் முட்டியைப் பாருங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "இனிமே ஓய்வெடுக்க இந்த உடம்புல தெம்பு இல்லை."

ஓய்வு வேண்டாம் என்று அழுகிற ஆட்களை அவர் டிப்போவில்கூடக் கண்டதில்லை. முற்றிய களைப்பில் மனுஷன் இப்படித்தான் பிதற்றுவான் என்று முடிவு கட்டினார். "இன்னைக்கு நான் படுக்கப் போறதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்க நாலு பேரையும் நானே பார்த்துக்கறேன். யாரும் அசையக் கூடாது."

ஓய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் காவல் அம்மாளிடம் ஒரு நாற்காலி கேட்டார்.

"எதுக்கு சார்? வழக்கம்போலப் படுத்துக்குங்களேன்."

"இன்னைக்கு நான் டியூட்டியில இருக்கேன்மா."

நாலு கட்டிலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். நாலு பேரும் படுத்தார்கள். நாலு ஜோடிக் கண்ணும் மூடின. ஏசி மெல்ல உறுமியது. ராத்திரி முழுக்க டிப்போவில் இப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம், இது என்ன பெரிய விஷயம் என்று அவர் நினைத்தார். நினைத்து முடித்தாரா என்று சொல்ல முடியாது.

அவர் கண் விழித்தபோது சுவரெல்லாம் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இல்லை, கட்டிலில் கிடந்தார். மேலே கம்பளி போர்த்தியிருந்தது. கண்ணாடியை யாரோ கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

பக்கத்து நாலு கட்டிலும் காலி. விரிப்புகூட மடித்து வைத்தாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே பெரிய ராட்டினம் விளக்கெல்லாம் எரிய, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி நாள் சாயங்காலம். விளக்கும் போட்டாயிற்று. அவளைக் காணோம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இந்த ஆளோடு இனி முடியாது என்று பிள்ளைகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டாளோ? கிளம்பினால்தான் என்ன தப்பு? மூன்று நாளாக ஆசையாக எதையும் பார்க்க விடாமல் படு படு என்று படுத்தி எடுத்தவன்தானே நான் என்று அவருக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். காவல் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, நீளமான பின்னல் ஊசியை அவருக்குக் குறுக்கே நீட்டினாள்.

"என் குடும்பத்தைக் காணோம்மா."

"காணாம எங்க போகப் போறாங்க? வழக்கம்போல வெளிய போயிருக்காங்க. அதுவும் இன்னைக்கு மதியம் வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டுத்தான் போனாங்க."

"வழக்கம்போலன்னா?"

"நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் கிளம்பிடுவாங்க. நீங்க புரண்டு படுக்கற நேரம் பார்த்து ஓடி வந்து படுத்துக்குவாங்க. மூணு நாளா அப்படித்தானே சார்."

டியூட்டி சார் அப்படியே நின்றார். சின்னவனின் ஈரத் தலை, மாமனாரின் தொப்பி, மனைவியின் தொண்டை, நாலு ஜோடி உள்ளங்கால், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்று சிரித்தன. எவன் தூங்கினான், எவன் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தே சொல்கிறவர், கண்ணாடியில் ஒரு தடவை தன் கண்ணைப் பார்த்திருக்கலாம். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மனதில் ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அதைக் கேட்கவும் அவருக்குப் பயமாக இருந்தது.

"பூங்காவுல இருக்கற எல்லாத்துலயும் ஏறிட்டாங்களாம்மா?" என்றார் மெதுவாக. "அந்த ராட்டினத்துலயும்?"

அந்த நேரத்தில் ஓர் இளம்பெண் அவசரமாக உள்ளே வந்து, மேஜைமேல் நீல வில்லை ஒன்றை வைத்தாள். காவல் அம்மாள் அதை எடுத்து எண்ணைச் சரிபார்த்தாள். வாசலோரக் கட்டிலில் தூங்கிய ஒரு கைக்குழந்தையின் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் பட்டையைக் கத்தரித்து, குழந்தையைத் தூக்கி அந்தப் பெண்ணின் தோளில் சாய்த்து அனுப்பினாள்.

டியூட்டி சார் குழந்தையின் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அது இருக்கட்டும்மா. வழி விடுங்க, நானே போய் அவங்களைத் தேடிக்கறேன். அவங்களை இங்க கூட்டிட்டு வந்தவனே நான்தான்."

அம்மாள் மறுபடி ஊசியைக் குறுக்கே நீட்டினாள்.

"மஞ்சப் பட்டை கட்டினவங்களைத் தனியா வெளிய விடறதில்லை சார், ராட்டினத்தை மட்டும் உங்களோடதான் ஏறணும்னு மூணு நாளா ஏறாம வச்சிருக்காங்களாம், இப்ப அம்மா டோக்கனோட வந்து உங்களை வாங்கிட்டுப் போயிடுவாங்க, அதுவரைக்கும் சமத்தா போய்ப் படுத்துக்குங்க."